காற்று இல்லையா, வயர் இல்லையா?

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பின்னேரம் வரை நல்ல வெயில். அப்பாவின் கிரீன்ஹவுஸ் உள்ளே சூடேறி, கூரை ஜன்னல் தானாகவே திறந்திருந்தது. பொழுதுபடுகிற நேரம் காற்று மாறி அடிக்கத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் ஒரு பிறந்தநாள் விழாவில் நின்றோம். காற்று கூடினால் ஜன்னலை மூடுகிற மாதிரி நானே ஒரு காற்றுச் சென்சர் பூட்டிக் கொடுத்திருந்தபடியால் கவலைப்படவில்லை. இரவு பிந்தி வந்தோம். ஒருவரும் பின்வளவுப் பக்கம் போகவில்லை.

காலையில் பார்த்தால் கூரை ஜன்னல் பக்கத்து வீட்டு வேலியில் கிடந்தது. இரவு குளிர் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தது. கத்தரிக் கன்றுகள் போனது போனதுதான். 11 வருடமாகத் தொட்டியில் வைத்து, ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள் தூக்கி, திரும்ப வெளியே தூக்கி வளர்த்த கறிவேப்பிலை மரம் கறுத்துப்போய் நின்றது.

அப்பா ஏசவில்லை. "காத்தடிச்சது உன்ர மெசினுக்குத் தெரியேல்லையோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் எடுத்தது. இந்த மாதம் அதைத்தான் எழுதப் போகிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இது உதவும்.

முதலில் அந்த மெசின் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கூரைக்கு மேலே ஒரு கம்பத்தில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றும். அதுதான் காற்றுச் சென்சர். 1846இல் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வு நிலையத்தில் இருந்த ரொபின்சன் செய்த கருவிக்கு நான்கு கிண்ணங்கள். அதை மூன்றாக்கியவர் ஜோன் பற்றர்சன் என்ற கனடாக்காரர், 1926இல். கிண்ணங்கள் எந்த அளவில் இருந்தாலும் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுற்றும் என்று ரொபின்சன் நம்பினார். அது பிழை. ஒவ்வொரு மொடலுக்கும் கணக்கு வேறு. ஆகவே உங்கள் சென்சரின் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தொடங்காதீர்கள்.

என்னிடம் இருப்பது மலிவானது. உள்ளே ஒரு காந்தமும் ஒரு ரீட் சுவிட்சும். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்ட வந்தால் ஒட்டும், போனால் விலகும். ஒட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு. செக்கனுக்கு ஒரு துடிப்பு என்றால் காற்று மணிக்கு 2.4 கிலோமீற்றர். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஜன்னலைத் திறந்து மூடுகிற கொன்ட்ரோலர் நான் பழையதாக வாங்கியது. அதற்குத் துடிப்பு எண்ணத் தெரியாது. காற்றின் அளவை 0 முதல் 10 வோல்ட்டாகவோ, 4 முதல் 20 மில்லி அம்பியராகவோ கொடுத்தால்தான் அதற்கு விளங்கும். துடிப்பு என்பது கதவைத் தட்டுகிற மாதிரி, எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். அனலொக் என்பது வாளியில் தண்ணீர் மட்டம் மாதிரி, பார்த்த உடனே எவ்வளவு என்று தெரியும். தட்டுகளை எண்ணி, அதற்கேற்ற மட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஆள் ஒருவர் நடுவில் வேண்டும். அவர்தான் மாற்றி. என் வீட்டில் அது ஒரு ஆர்டுவினோ நானோ.

இதில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. ஆர்டுவினோவில் 'அனலொக் ரைட்' என்று ஒரு கட்டளை உண்டு. பெயரை நம்பி ஏமாறக் கூடாது. அது 5 வோல்ட்டை மிக வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்கும், அவ்வளவுதான். சராசரி எடுத்தால் பாதி வரும், ஆனால் எந்த ஒரு கணத்திலும் அது 5 அல்லது 0. உண்மையான மட்டம் வேண்டும் என்றால் தனியாக ஒரு சின்ன சிப் வேண்டும். நான் போட்டது எம்.சி.பி. 4725. 0 முதல் 4095 வரை ஒரு எண்ணைக் கொடுத்தால், அதற்கேற்ற வோல்ட்டைத் தரும்.

குசினி மேசையில் முதல் தடவை பரிசோதித்தபோது, மகள் கிண்ணங்களைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். திரையில் மணிக்கு 300 கிலோமீற்றர். "அப்பா, வீடு பறக்கப் போகுது!" என்று சிரித்தாள். சுவிட்ச் ஒட்டும்போது ஒரேயடியாக ஒட்டாது. நிலத்தில் விழுந்த பந்து மாதிரி நாலைந்து தரம் துள்ளிப் பிறகுதான் நிற்கும். ஆர்டுவினோ அந்தத் துள்ளல் எல்லாவற்றையும் எண்ணிவிட்டது. ஒரு துடிப்பு வந்தால் அடுத்த 5 மில்லிசெக்கனுக்கு வருவதைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வரி எழுதினேன். மணிக்கு 120 கிலோமீற்றர் காற்றில்கூடச் செக்கனுக்கு 50 துடிப்புத்தான், இரண்டு துடிப்புக்கு நடுவே 20 மில்லிசெக்கன் இருக்கும். ஆகவே உண்மையான துடிப்பு ஒன்றும் தவறாது. பிறகு மகள் செக்கனுக்கு ஒன்றாகச் சுற்ற, நான் மணிக்கூடு பார்க்க, திரையில் 2.4 வந்தது. 10 வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் படிப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இவ்வளவும் போன வருடமே சரியாக வேலை செய்தது. பிறகு ஏன் ஏப்ரலில் ஜன்னல் மூடவில்லை?

மாற்றியிலிருந்து கொன்ட்ரோலருக்குப் போகிற வயரை அணில் கடித்திருந்தது. நான் தேர்ந்தெடுத்திருந்தது 0 முதல் 10 வோல்ட். 0 என்றால் காற்று இல்லை. வயர் அறுந்தாலும் 0. வெளியே கூரையைப் பிடுங்குகிற காற்று அடிக்கும்போது, கொன்ட்ரோலர் 'இன்றைக்கு ஒரு இலையும் அசையவில்லை' என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தது.

தொழிற்சாலைகளில் 4 முதல் 20 மில்லி அம்பியர் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அங்கே காற்று இல்லை என்று சொல்லவும் 4 மில்லி அம்பியர் அனுப்ப வேண்டும். 0 வந்தால் அது காற்றைப் பற்றிய செய்தியே இல்லை, வயரைப் பற்றிய செய்தி. இன்னொரு நன்மையும் உண்டு. வயர் கொஞ்சம் நீளமானாலும் மின்னோட்டம் மாறாது. பக்கத்தில் ஓடுகிற மின்விசிறி மோட்டார் வயரில் ஏற்றுகிற இரைச்சலும் வோல்ட்டைக் கெடுக்கிற அளவுக்கு இதைக் கெடுக்காது.

கணக்கும் வடிவானது. உச்ச அளவாக 120 கிலோமீற்றரை வைத்தேன். 2022 மே 21ஆம் திகதி அடித்த புயல் ரொறன்ரோக்காரருக்கு ஞாபகம் இருக்கும். அன்று பியர்சன் விமான நிலையத்தில் பதிவானது அவ்வளவுதான். வேகத்தை 120ஆல் வகுத்து, 16ஆல் பெருக்கி, 4ஐக் கூட்டினால் மில்லி அம்பியர். 30 கிலோமீற்றருக்கு 8, 60க்கு 12, 90க்கு 16. ஜன்னல் மூடுகிற எல்லையை 40இல் வைத்தேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். ஆகவே '60 வரை பார்ப்போம்' என்று பொறுத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் அப்பாவுக்கு மேசையில் இருந்து விளங்கப்படுத்தினேன். காற்று இல்லாட்டியும் 4 அனுப்ப வேண்டும் என்றதும் அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

"உன்ர அப்பம்மா செய்த வேலைதான்," என்றார். "சண்டை நேரம் ஊருக்குப் போன் இல்லை. கடிதம் வந்தா வரும், இல்லாட்டி மாசக்கணக்கா வராது. கடிதம் வரேல்லையெண்டா, அங்க ஒண்டும் நடக்கேல்லை எண்டு நினைக்கிறதோ, தபால்தான் நிண்டுபோச்சுதோ எண்டு தெரியாமல் நித்திரையில்லாமல் கிடப்பம். மனுசி அதுக்கொரு வழி கண்டுபிடிச்சவ. எழுத ஒண்டும் இல்லாட்டியும் 'நாங்கள் சுகம்' எண்டு ரண்டு வரி போடுவா. மேல மூலையில நம்பரும் போடுவா. 7க்குப் பிறகு 9 வந்தா, 8 எங்கயோ நிண்டுபோச்சுது எண்டு எங்களுக்குத் தெரியும்."

நான் பதினைந்து வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். செய்திகளுக்கு வரிசை எண் போடுவதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகப் படித்தேன். அப்பம்மா போட்ட நம்பரைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன்.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கிண்ணத்தைக் காட்டி, "அப்பப்பா, அப்ப இந்த வயரில நம்பர் இல்லையே?" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கிண்ணத்திலிருந்து மாற்றிக்கு வருகிற வயர் அறுந்தால் துடிப்பு வராது. காற்று இல்லாட்டியும் துடிப்பு வராது. மாற்றி எந்தச் சந்தேகமும் இல்லாமல் 4 மில்லி அம்பியர் அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் ஓட்டையை அடைக்கவில்லை, 6 மீற்றர் தள்ளி வைத்திருக்கிறேன்.

இதற்கு வழி திருடர் அலாரம் பூட்டுகிறவர்கள் செய்வதுதான். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று எடுத்தேன். ஒன்று மாற்றிப் பக்கம், 5 வோல்ட்டுக்கும் வயருக்கும் நடுவில். மற்ற இரண்டும் கம்பத்தின் மேலே, சென்சருக்குள். ஒன்றை சுவிட்சுக்குத் தொடராகவும், மற்றதை சுவிட்சின் இரண்டு காலுக்கும் குறுக்காகவும் ஒட்டினேன். இப்போது சுவிட்ச் ஒட்டினால் வயரில் 2.5 வோல்ட். விலகினால் 3.3. வயர் அறுந்தால் 5. இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டினால் 0. நான்கும் நான்கு விதம், குழப்பத்துக்கு இடமில்லை. ஆர்டுவினோவின் அனலொக் உள்ளீட்டில் மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை வாசித்தால் போதும். ரெசிஸ்டர்கள் கம்பத்தின் மேலேதான் இருக்க வேண்டும். கீழே பெட்டிக்குள் வைத்தால் வயரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கடைசியாக ஒரு கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். மாற்றியே செத்துப்போனால்? வோல்ட்டை மின்னோட்டமாக்குகிற சின்னப் போர்டுகளில், 0 வோல்ட் கொடுத்தால் 4 மில்லி அம்பியர் தருகிறவை உண்டு. வசதி மாதிரித் தெரியும். ஆனால் ஆர்டுவினோ உயிரோடு இல்லாதபோதும் அது 'சுகம்' என்று கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். நான் 0 முதல் 20 மில்லி அம்பியர் தருகிறதை வாங்கினேன். 4 என்பதை என் நிரல் தானாக அனுப்ப வேண்டும். வயரில் கோளாறு என்றால் வேண்டுமென்றே 3.5 அனுப்பும். 3.6க்குக் கீழே கோளாறு என்று எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். நிரல் நடுவில் உறைந்துபோனால் சிப் கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதால், ஆர்டுவினோவைத் தானாகத் திரும்பத் தொடங்க வைக்கிற வொச்டோக்கையும் போட்டேன். கொன்ட்ரோலரின் மெனுவில், 3.6க்குக் கீழே வந்தால் ஜன்னலை மூடி விளக்கைப் போடு என்று வைத்தோம். உங்கள் கொன்ட்ரோலரில் அந்த வசதி இருக்கிறதா என்று வாங்க முதல் கையேட்டில் பாருங்கள்.

இது எல்லாம் 24 வோல்ட்டுக்கு உட்பட்ட வேலை. பிள்ளைகள் கிட்ட நிற்கலாம். சுவர் மின்சாரத்தில் ஓடுகிற ஜன்னல் மோட்டாரை மட்டும் எலெக்ட்ரீஷியன்தான் பூட்டினார்.

மரம் தப்பவில்லை. ஆனால் நாலு வருடத்துக்கு முன் அதன் அடியில் முளைத்த கன்றொன்றை அப்பா தங்கச்சிக்குக் கொடுத்திருந்தார். அது இப்போது இடுப்பளவு. போன கிழமை அவள் அதைக் காரின் பின் சீட்டில் வைத்துக் கொண்டு வந்து இறக்கினாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலையில் மகள் கம்பத்தடி இணைப்பைக் கழற்றுவாள். ஒரு நிமிடத்துக்குள் ஜன்னல் மூட வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அப்பா உள்ளே நின்று பார்த்து, கோயில் கலண்டரில் திகதிக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்வார். போன தடவை 40 செக்கன். குறித்த இடத்தில் அவர் ஒரு நம்பரும் போட்டிருந்தார்: 3.