இவர் யாருன்னா...

இன்பிளான்ட் டிரெய்னிங்னு கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்கக் கிளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம்!

தேர்வாய்கண்டிகையில் பிரான்ஸ் நாட்டு மிஷலின், திருவள்ளூர் பக்கம் அமெரிக்க கேட்டர்பில்லர் என்று பல நாட்டுக் கம்பெனிகள் இருக்கிற மாவட்டம் இது. கேன்டீனில் 'மச்சி, இவன் நம்ம பய' என்றால் அறிமுகம் முடிஞ்சுது. கம்பெனியில் அது செல்லாது.

யாரிடம் யாரை? பெரிய பொறுப்பில் இருப்பவரிடம் மற்றவரை அறிமுகப்படுத்தணும். பெரியவரை முதலில் விளிச்சிடுங்க. "மேடம், இவர் அருண். மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ஒரு மாசம் மெயின்டனன்ஸில் இருக்கப்போறார்." ஆணா, பெண்ணா, வயசு என்ன என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை, பொறுப்புதான். கஸ்டமர் வந்துட்டா மட்டும் அவர்தான் முதல். நம்ம எம்.டி.யையே அவரிடம்தான் அறிமுகப்படுத்தணும்.

வெறும் பேர் போதாது. என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரி சேருங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் எதிரில் இருப்பவர் பேச்சை ஆரம்பிப்பார்.

இனிஷியல் தகராறு! பாஸ்போர்ட்டில் அப்பா பேர் சர்நேமா இருந்தா, வெளிநாட்டுக்காரர் உங்களை 'மிஸ்டர் முருகேசன்' என்பார். அப்பா எங்கேன்னு திரும்பிப் பார்க்காதீங்க! "என்னை அருண்னே கூப்பிடுங்க" என்று முதலிலேயே சொல்லிடுங்க.

கையா, கும்பிடா? எதிரில் இருப்பவர் கை நீட்டினால் குலுக்குங்க. தயங்கினால் அழகா ஒரு வணக்கம் போதும். ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டு தந்தால் இரண்டு கையாலும் வாங்கி, படிச்சுப் பாருங்க. பேன்ட் பின்பாக்கெட்டில் செருகுவது அவமரியாதை.

பேர் மறந்துடுச்சா? "மன்னிக்கணும், பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுடலாம். தப்பான பேர் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியா ஒண்ணு. உங்களுக்கு மெஷினைத் தொடக் கத்துக்கொடுக்கப் போவது பெரும்பாலும் ஒரு ஆபரேட்டர் அண்ணன். இல்லேன்னா, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாரையும் அறிமுகப்படுத்துவாங்க. அவர் மட்டும் பேரில்லாமல் ஓரமா நிற்பார். அப்போ நீங்க வாயைத் திறங்க. "சார், எனக்கு லேத் கத்துக்கொடுத்தது இவர்தான்" என்று பேரோடு சொல்லுங்க. அவர் பேர் மேனேஜர் காதில் விழுவது அன்னிக்குத்தான் முதல் தடவையா இருக்கலாம்.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க காலேஜ் லேப் அட்டெண்டர் பேர் என்ன? தெரியலேன்னா, நாளைக்கே கேட்டுடுங்க!