நாலு கார்டு, ஒரே பெட்டி: தேவைதானா?

கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த பசங்களுக்கு ஒரு கனவு உண்டு. ஒரே மதர்போர்டில் நாலு கிராபிக்ஸ் கார்டைச் சொருகி, ராப்பகலாக ஓடவிட்டு, வீட்டில் இருந்தபடியே விஞ்ஞானத்துக்கு உதவ வேண்டும். வடகரையில் இருந்தால் என்ன, வாஷிங்டனில் இருந்தால் என்ன, இணையம் இருந்தால் போதும் அல்லவா?

நோக்கம் நல்லதுதான். 2000ல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், புரதங்கள் எப்படி மடிகின்றன என்ற கணக்கைச் சிறு சிறு துண்டாக்கி உலகமெங்கும் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறது. 2020ல் கொரோனா வந்தபோது லட்சக்கணக்கானோர் சேர, அதன் மொத்த வேகம் எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகள்!

சரி, இதற்கு நாலு கார்டும் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டுமா? இங்கேதான் பலரும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் 2008ல் ஃபாஸ்ட்ரா என்ற கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். நாலு கார்டு, எட்டு ஜிபியு, விலை 4,000 யூரோவுக்கும் குறைவு. 2009ல் வந்த இரண்டாம் ஃபாஸ்ட்ராவில் 13 ஜிபியு. அத்தனையையும் பார்த்து மதர்போர்டே மிரண்டுவிட, அசூஸ் நிறுவனம் தனியாக ஒரு பயாஸ் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்கேன் படங்களை உடனுக்குடன் உருவாக்க வேண்டிய வேலை அது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022ல் நிறுவப்பட்ட பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரே பெரிய கணக்கைப் பலவும் சேர்ந்து போடும்போது, ஒன்றின் விடைக்காக இன்னொன்று காத்திருக்கும். அதனால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வரும் துண்டுக் கணக்கு அப்படியல்ல. ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரு கார்டு மேக்கரையிலும் இன்னொன்று செங்கோட்டையிலும் இருந்தாலும் விடையில் ஒரு வித்தியாசமும் வராது. 2010ல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் ஒரு புதிய பல்சரைக் கண்டுபிடித்தது. அதைக் கண்டெடுத்தவை அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியின் மைன்ஸில் ஒருவரின் கம்ப்யூட்டரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமுத்திரமே இருந்தது!

இனி காமர்ஸ் கணக்கு. கார்டுக்கு 250 வாட் என்று வைத்தால் நாலுக்கும் 1,000 வாட். நாள் முழுக்க ஓடினால் தினம் 24 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,440 யூனிட். தமிழகத்தில் யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாய்க்கும் மேல். வழக்கமாக 300 யூனிட் ஓடும் வீட்டில் 705 ரூபாயாக இருந்த பில் 15,000 ரூபாயைத் தாண்டும். அதைக் கட்டப் போவது பெரும்பாலும் கார்டு சொருகியவர் அல்ல, அவருடைய அப்பா!

தினம் ஆறரை மணி நேரம் மட்டும் ஓட்டினால்? ஒரே வீட்டில் நாலு கார்டுக்கு 390 யூனிட் கூடும், அதற்கு 3,000 ரூபாய்க்கும் மேல். அதே நாலு கார்டு நாலு நண்பர்கள் வீட்டில் இருந்தால் ஒவ்வொரு வீடும் 400 யூனிட்டுக்குள் நின்றுவிடும். யூனிட் 4 ரூபாய் 70 காசு, நாலு வீட்டுக்கும் சேர்த்து 1,830 ரூபாய்தான். வேலை அதே வேலை, கரண்டும் அதே கரண்டு.

நாலு வீட்டில் நாலு மதர்போர்டு, நாலு எஸ்.எம்.பி.எஸ். வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிதாக வாங்குவதென்றால் ஒரே பெட்டிதான் மலிவு. ஆனால் படிக்கவும் கேம் ஆடவும் வாங்கிய கம்ப்யூட்டர் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறதே, அது சும்மா இருக்கும் நேரத்தைத்தானே இந்தத் திட்டங்கள் கேட்கின்றன?

சூட்டையும் மறக்கக் கூடாது. 1,000 வாட் கரண்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளிக்கலாம். சித்திரை வெயிலில் அந்த அறையில் மனுஷன் படுக்க முடியாது. ஏ.சி. போட்டால் அதற்கு வேறு யூனிட். ஒரு கார்டு என்றால் ஒரு ஃபேன் போதும்.

சாஃப்ட்வேர் வேலை சென்னையில்தான் குவிய வேண்டும் என்பதில்லை என்று மத்தளம்பாறையில் ஸோஹோ காட்டிவிட்டது. அடவிநயினார் அணைத் தண்ணீரும் ஒரே குளத்தில் தேங்கிக் கிடப்பதில்லை, கால்வாய் வழியாகப் பிரிந்து போய்த்தான் வயலை நனைக்கிறது. பிரித்துச் செய்வதற்கென்றே பிறந்த வேலையை ஒரு பெட்டிக்குள் திணிப்பானேன்?

ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக ஆசைப்படட்டும். ஆனால் இரண்டாவது கார்டு வாங்கக் கையில் காசு இருந்தால், முதலில் ஒரு நண்பனைச் சேர்த்துவிடுவதே புத்திசாலித்தனம். கார்டுக்குத்தான் காசு, நண்பன் இலவசம் :-)