தலைக்கு மேல் ஒரு ரைஸ் மில்

அமெரிக்காவில் மகன் வாங்கிய சின்ன கேம்பிங் டிரெய்லரில் மூன்று ராத்திரி படுத்தோம். கூரையில் 14 அங்குலச் சதுரத் திறப்பு, அதில் ஒரு விசிறி. "இதைவிட வேகமாகக் காற்றை இழுப்பது கிடையாது" என்று கடைக்காரர் அவன் தலையில் கட்டியது. ஒரே வேகம்தான். போட்டால் ரைஸ் மில். நிறுத்தினால் நாலு பேர் மூச்சும் உள்ளேயே தங்கி, விடிவதற்குள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர். மூச்சிரைப்புக்காரியான என் மனைவி உட்கார்ந்தே விடிய வைத்தாள்.

நான் கேட்கிறேன், படுக்கைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் சுற்றுகிற விசிறிக்கு எதற்கய்யா இத்தனை வேகம்? எவ்வளவு காற்று இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், மெதுவாக ஓடும்போது எவ்வளவு சத்தம் என்று போட்டால் என்ன? ராத்திரி முழுக்க நாம் கேட்கப்போவது அதைத்தானே! 10 வேகம் உள்ள 12 வோல்ட் விசிறிகள் அங்கேயே விற்கின்றன. ஒன்றிலோ இரண்டிலோ ஓடவிட்டு, தள்ளியிருக்கும் ஒரு ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்தால் போதும். பாட்டரியும் மிச்சம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் காற்று எங்கிருந்து வரும்? வெறுமனே கத்தும்.

மகனிடம் சொன்னேன். "இதுக்கு ரேட்டிங் நல்லா இருக்குப்பா" என்கிறான். ரேட்டிங் போட்டவர்கள் அதன் அடியில் படுத்தார்களா? அடுத்த பயணத்துக்குள் மாற்றாவிட்டால் நானும் அவளும் வெளியே கூடாரத்தில் படுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.