கெர்னல் எண்ணைப் பார்க்காதீர்கள், அதைப் பராமரிப்பது யார் என்று பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் என்னிடம் படித்த ஒருவன் போன வாரம் போன் செய்தான். பால் சங்கங்களில் எடையையும் கொழுப்பளவையும் பதிவு செய்யும் பெட்டியைத் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறான். உள்ளே 32 பிட் ஏஆர்எம் சிப், லினக்ஸ் கெர்னல் 4.19. "சார், அப்டேட் பண்ணணும். இருக்கறதிலேயே புதுசைப் போடலாம்னு நான் சொல்றேன். ஓடுறதைத் தொடாதேன்னு மேனேஜர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

இரண்டும் சரியில்லை என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உறவுகளுக்கு ஒரு வரி: கெர்னல் என்பது கருவியின் சிப்புக்கும் அதில் ஓடும் புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்தும் அடிப்படை மென்பொருள். நம் ஆண்ட்ராய்டு போனிலும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது.

மேனேஜரின் பயம் நியாயமானது. இரண்டு வருஷம் முன்பு என் தங்கை விடிகாலையில் கூப்பிட்டாள். "அண்ணே, சங்கத்துல மெஷின் எடை காட்டலை. எல்லாரும் கேனோட நிக்கிறோம்." வேறொரு கம்பெனியின் பெட்டி. ராத்திரி அப்டேட் அனுப்பியிருக்கிறார்கள். எடை மெஷினை மாட்டியிருந்த சீரியல் போர்ட்டின் பெயர் புதுக் கெர்னலில் மாறிவிட்டது. புரோகிராம் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதித்தான் பால் வாங்கினார்கள். சிலருடைய கணக்கு விட்டுப்போய், ஒரு வாரம் சண்டை.

அதற்காகத் தொடாமலே இருக்க முடியுமா? 4.19 வெளிவந்தது 2018 அக்டோபரில். கெர்னல் குழுவின் பராமரிப்பு 2024 டிசம்பரோடு முடிந்தது. இனி ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அங்கிருந்து திருத்தம் வராது. சிம் போட்டு இணையத்தில் இருக்கும் பெட்டிக்கு இது ஆபத்து. இன்னொன்று: 32 பிட் லினக்ஸில் பழைய முறைக் கடிகாரம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி, தேதி 1901க்குப் போய்விடும். கெர்னலில் இதற்கான வேலை முடிந்தது 2020இல் வந்த 5.6இல்தான். ஆகவே நீண்டகாலப் பதிப்புகளில் 5.10க்குக் கீழே இந்தப் பெட்டிக்கு எதுவும் ஆகாது. சி லைப்ரரியும் புரோகிராம்களும் 64 பிட் நேரத்துக்கு மாற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சரி, இருப்பதிலேயே புதுசு? ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வருகிறது. அடுத்தது வந்து சில வாரங்களில் முந்தையதைக் கைவிட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு ஒன்றைத்தான் நீண்டகாலப் பதிப்பாக வைத்துக்கொள்கிறார்கள். பத்து வருஷம் கிராமத்தில் கிடக்கப்போகும் பெட்டிக்கு மூன்று மாத ஆயுள் கெர்னல் எதற்கு?

என் ஓட்டு 6.1க்கு. 2022 டிசம்பரில் வந்த நீண்டகாலப் பதிப்பு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் திட்டம், சில பதிப்புகளைப் பத்து ஆண்டு பராமரிக்கிறது. அதில் 6.1 இருக்கிறது. 4.19கூட இருக்கிறது, ஆனால் 2038 சிக்கல் அங்கே தீராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிப் கம்பெனி தரும் "6.1" வேறு, கெர்னல் குழு வெளியிடும் 6.1 வேறு. முன்னதில் அவர்கள் சொந்தமாகச் சேர்த்த மாற்றங்கள் ஏராளமாக இருக்கலாம். புரோகிராம்கள் உடையக்கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். ஆனால் கெர்னலின் உள் அமைப்பு மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மெயின்லைனுக்குள் இருக்கும் டிரைவரை, உள்ளே மாற்றம் செய்கிறவர்களே சேர்த்துத் திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் டிரைவரை நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். ஆகவே முதல் வேலை, மெயின்லைன் 6.1ஐ அப்படியே உங்கள் போர்டில் ஏற்றி, எதெல்லாம் ஓடவில்லை என்று பட்டியல் எடுப்பது. பட்டியல் சின்னதாக இருந்தால் அதிலேயே போங்கள். பெரிதாக இருந்தால், அடுத்த போர்டுக்கு வேறு சிப் தேடச் சொல்லி மேனேஜரிடம் இப்போதே பேசுங்கள்.

6.1இல் போய் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் மூன்றாவது எண் ஏற ஏற, நீங்களும் சோதித்து ஏற்றிக்கொண்டே வர வேண்டும். பெட்டியில் இரண்டு பார்ட்டிஷன் வையுங்கள். புதியது கிளம்பாவிட்டாலும், எடை மெஷின் பதில் சொல்லாவிட்டாலும், தானாகப் பழையதற்குத் திரும்ப வேண்டும். முதலில் ஒரு சங்கம், பிறகு ஐந்து, அதன் பிறகுதான் மற்றவை. அந்த முதல் சங்கத்தில் காலை ஐந்து மணிக்கு நீங்களே போய் நில்லுங்கள்.

"சார், ரிட்டயர் ஆகியும் ஹோம்வொர்க் குடுக்கறீங்க" என்றான். ஆமாம், செய்துவிட்டுச் சொல் என்றேன்.

இந்தத் துறையில் இருக்கும் மற்ற பிள்ளைகள், நான் சொன்னதில் தவறிருந்தால் கமெண்டில் தயங்காமல் எழுதுங்கள்.