கப்பலுக்காகக் கொடியேற்ற ஏலாது

காத்தவராயன் கூத்து விடிய விடிய ஆடுகிற கூத்து. அம்மன் கோயில் வெளியில் பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் படுக்கவைத்து, சனம் இருந்து பார்க்கும். ஆனால் ஒரு உல்லாசக் கப்பல் துறைமுகத்துக்கு வருகுதெண்டால், எங்கட கலாசாரம் முழுவதும் ஏழெட்டு நிமிடத்துக்குள் அடங்கிவிட வேண்டும். கொஞ்சம் கரகம், கொஞ்சம் மயிலாட்டம், கூத்தில் ஒரு துண்டு, நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, ஒரு படம். பிறகு எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிடுவினம். இதற்குப் பெயர் ‘உள்ளூர்க் கலாசார விழா’.

இது விழா இல்லை என்பதுதான் எங்கள் வாதம். சுற்றுலாப் பயணிகள் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வரட்டும், நல்லாய் வரட்டும். ஆனால் விழாவுக்கு ஆக்கள் வருவது வேறு, ஆக்களுக்காக விழா செய்வது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் வேலை இங்கே தொடங்கிவிட்டது.

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’ உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ‘வடக்கின் சுற்றுலா எதிர்காலம்’ என்ற பேச்சுக்குக் குறைவே இல்லை. அந்த எதிர்காலத்தில் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் எது? வரவேற்பு வரிசை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சேலையும் வேட்டியும் கட்டி வெயிலில் நிறுத்துகிற அந்த வரிசைகளில் நின்ற பெடியளும் பெட்டையளும் எங்களுக்குள்ளேயே இருக்கினம். எவ்வளவு நேரம் நின்றோம், அன்று என்ன பாடம் தவறியது என்று யாரும் கேட்டதில்லை. “சிரியுங்கோ பிள்ளையள்” என்று மட்டும் சொன்னார்கள்.

உல்லாசக் கப்பல் எப்படி உழைக்குது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பயணிக்குச் சாப்பாடு, படுக்கை, பாட்டுக் கச்சேரி எல்லாம் கப்பலுக்குள்ளேயே. கரையில் கிடைப்பது சில மணித்தியாலங்கள்தான். அந்தச் சுற்றுலாவையும் பெரும்பாலும் கப்பலிலேயே விற்றுவிடுவார்கள். அதில் கப்பலுக்கு ஒரு பங்கு, பஸ் ஒழுங்கு செய்கிறவருக்கு ஒரு பங்கு. கடைசியாக மிஞ்சுவதுதான் கரைக்கு வரும். அதிலும் ஆடுகிறவருக்கும் மேளம் அடிக்கிறவருக்கும் எவ்வளவு என்று கேட்டால், “இது எங்கட ஊருக்குப் பெருமை” என்ற பதில் வரும். பெருமையைக் கொண்டுபோய்க் கடையில் அரிசி வாங்க ஏலுமோ?

இதே துறைமுகத்துக்கு நாகபட்டினத்திலிருந்து பயணிகள் படகும் வருகுது, 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை. இடையில் நின்று, 2024 இல் திரும்பவும் தொடங்கியது. அதில் வருகிறவர் இங்கே இரவு தங்குவார், கடையில் சாப்பிடுவார், ஓட்டோ பிடிப்பார், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார், கோயிலுக்கும் போவார். அவருக்காக யாரும் மயிலாட்டம் ஆடுவதில்லை. ஆனால் திருவிழாவை உண்மையில் பார்த்துவிட்டுப் போவது அவர்தான்.

விழாவுக்கு ஒரு நாட்காட்டி இருக்கு. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசையில் முடியும். அன்று தீர்த்தம் கீரிமலையில். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யக் கடற்கரையில் கூடும் நாள் அது. அதிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும், 25 நாள் திருவிழா. ஆவணியில் செல்வச்சந்நிதி. அங்கே வாய்கட்டிப் பூசை, மடங்களில் அன்னதானம். நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்காமல் இலை போடும் இடம் அது. இவ்வளவும் கப்பல் வந்துபோகக்கூடிய மாதங்களில்தான் நடக்குது. இவ்வளவு இருக்க, துறைமுகத்தில் கூடாரம் போட்டு ஒரு போலித் திருவிழா எதற்கு?

நாட்காட்டியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குப் பசிபிக்கில் ஒரு கதை இருக்கு. வனுவாட்டு நாட்டின் பெந்தகொஸ்தே தீவில், உயரமான மரக்கோபுரத்திலிருந்து, கணுக்காலில் கொடியைக் கட்டிக்கொண்டு ஆண்கள் தலைகீழாகப் பாய்வார்கள். வள்ளிக்கிழங்கு அறுவடையோடு சேர்ந்த சடங்கு. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரையில்தான் நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் கொடியில் ஈரமும் இழுபடும் தன்மையும் இருக்கும். 1974 இல், அந்தத் தீவுகள் பிரித்தானிய, பிரெஞ்சு கூட்டாட்சியில் இருந்த காலத்தில், எலிசபெத் மகாராணி தன் அரச கப்பலில் அந்தப் பக்கம் வந்தார். அவருக்குக் காட்டவேண்டும் என்று பருவம் வருமுன்பே பாயவைத்தார்கள். பாய்ந்த ஒருவர் முதுகெலும்பு உடைந்து செத்துப்போனார். கப்பலின் நேரத்துக்குக் கொடி முற்றாது என்பது பாயச் சொன்னவர்களுக்கு விளங்கவில்லை.

இங்கே மயிலாட்டம் ஆடி யாரும் சாகப்போவதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு சடங்கை அதன் நாளிலிருந்தும் அதன் சனத்திலிருந்தும் பிடுங்கியெடுத்தால் ஏதோ ஒன்று சாகும். முதலில் கூத்தைச் சுருக்குவார்கள். பிறகு கூத்துப் பழகுகிற பெடியன் அந்தச் சுருக்கத்தை மட்டும் பழகுவான், காசு வருவது அதற்குத்தானே. பத்துப் பதினைந்து வருடத்தில் முழு இரவுக் கூத்துத் தெரிந்த அண்ணாவியார் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

“எங்கட பண்பாட்டை உலகத்துக்குக் காட்டினால் என்ன பிழை?” என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: எதைக் காட்டப் போகிறீர்கள்? அதே மாவிட்டபுரம் வாசலில் 1968 இல், ஒடுக்கப்பட்ட சாதியினரையும் உள்ளே விடச் சொல்லிப் போராட்டம் நடந்தது. மறித்து நின்றவர்களும் தமிழர்தான். பறை அடித்தவரை எட்டி நிற்கவைத்த சமூகம், இன்றைக்கு விருந்தாளிக்கு முன்னால் பறையை ‘எங்கள் தொன்மை’ என்று தூக்கிக் காட்டுது. அடிக்கிறவருக்கு அதே சபையில் கதிரை இருக்கா? அதைச் சொல்லுங்கோ முதலில். பண்பாட்டை அப்பழுக்கில்லாத அழகுப் பொருளாக்கி விற்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதற்குள் நடந்த சண்டையும் எங்களுடையதுதான்.

நிலத்தின் கதையும் இருக்கு. 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தது. சீமெந்து ஆலை நின்றது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. கட்டம் கட்டமாக நிலம் விடுபட்டாலும் இன்னும் முழுதாக விடுபடவில்லை. எம்ப்ரஸ் கப்பல் முதன்முதலில் பயணிகளை ஏற்றியதும் அதே 1990 இல்தான். அந்தக் கப்பல் வேறு வேறு பெயர்களில் உலகக் கடலெல்லாம் சுற்றி, 33 வருடம் கழித்துக் காங்கேசன்துறைக்கே வந்து சேர்ந்துவிட்டது. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் காணி உள்ளவர்களில் எத்தனையோ பேர் இன்னும் வீடு வந்து சேரவில்லை. வழிகாட்டி இதைச் சொல்லாமல், குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி கதையை மட்டும் சொல்லிப் பயணியைக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனால், அது அரைக் கதை. கதை அழகுதான். ஆனால் அந்த வீதியின் இரண்டு பக்கமும் பயணி பார்க்கும் கூரையில்லாத வீடுகளுக்கு இளவரசி பொறுப்பில்லையே.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

கப்பல் வரும் நாட்களை முன்கூட்டியே தமிழில் அறிவியுங்கள். ஓட்டோ ஓடுகிறவரும் பனங்கட்டி, ஒடியல் விற்கிற அம்மாவும் தங்கள் பாட்டில் வந்து யாவாரம் செய்யட்டும். பாடசாலை நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். கலைஞருக்குக் கூலியை முதலே பேசி, அன்றைக்கே கையில் கொடுங்கள். எதை, எவ்வளவு நேரம் ஆடுவது என்று அவரே தீர்மானிக்கட்டும். “இது சடங்கு, இதைக் காட்டமாட்டோம்” என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். எந்தத் தேரும் எந்தத் தீர்த்தமும் பஸ்ஸுக்காக ஒரு நிமிடம்கூடப் பிந்தவோ முந்தவோ கூடாது.

பயணிக்கும் ஒரு சொல். திருவிழா நாளில் வந்தால் வாருங்கள். செருப்பைக் கழற்றுங்கள். நல்லூருக்குள் போகும் ஆண்கள் சட்டையையும் கழற்ற வேண்டும், அது ஊர்க்காரருக்கும் உள்ள விதிதான். பிதிர்க்கடன் செய்து அழுகிறவரின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டாதீர்கள். வெயிலில் சனத்தோடு சனமாக நில்லுங்கள். ஒன்றும் விளங்காவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஆச்சியைக் கேளுங்கள், தேவைக்கு மேலேயே சொல்லுவா. உங்களுக்காக மேடை இராது, முன்வரிசை இராது, மாலையும் இராது. நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். உங்களுக்கும் அதே ஒரு ரூபாய்தான்.