சதவீதம் சொல்வது என்ன?



கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் வளர்ந்துவருகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறது. முன்பு காலாவதித் தேதியோடு நின்ற கண்கள், இப்போது பக்கத்தில் உள்ள ஊட்டச்சத்துக் கட்டத்தையும் படிக்கின்றன. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் 'ஆர்.டி.ஏ. சதவீதம்' என்று ஒரு வரிசை இருக்கும். இம்முறை அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஒரு நாள் தேவையில் எத்தனை பங்கு இந்த உணவில் கிடைக்கிறது என்பதே அந்த எண். நம் நாட்டு விதிப்படி கணக்குக்கு அடிப்படை 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம். இந்தச் சோடியம் 5 கிராம் உப்பில் இருப்பது. எல்லாமே பெரியவர்களுக்கான அளவு. ஐந்து வயதுக் குழந்தைக்கு 2000 கலோரி தேவையே இல்லை என்பதால், பிஸ்கட் பாக்கெட்டில் உள்ள சதவீதம் அந்தக் குழந்தைக்குப் பொருந்தாது.

முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் நூறு சதவீதம் என்பது நாம் எட்ட வேண்டிய அளவு. சோடியத்துக்கும் சர்க்கரைக்கும் அது தாண்டக் கூடாத எல்லை. குறியீடு ஒன்றுதான், பொருள் நேர் எதிர். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி லேபிள் புரிந்துவிடும்.

அடுத்து, அந்தச் சதவீதம் 'ஒரு சர்விங்'குக்கு உரியது. 150 கிராம் மிக்சர் பாக்கெட்டில் ஒரு சர்விங் 30 கிராம், சோடியம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழு பாக்கெட்டையும் ஒருவரே தின்றால் 60 சதவீதம் ஆகிவிடும். அன்றைய சாம்பார், ஊறுகாய், அப்பளத்தின் உப்பெல்லாம் அதற்கு மேல்.

சத்து மாத்திரைகளில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் பாட்டிலில் இரும்புச்சத்து '100 சதவீதம்' என்றால் 18 மில்லிகிராம். நம் நாட்டுப் பெண்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்ததோ 29 மில்லிகிராம். தானியமும் பருப்பும் கீரையுமாக நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடல் இரும்பைக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பது இதற்கு முக்கியக் காரணம். அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவே சரி.

முடி வளர்ச்சிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரைகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. அமெரிக்க லேபிள் கணக்கில் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். ஆனால் 5000 மைக்ரோகிராம் மாத்திரைகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதாவது 16,667 சதவீதம்! பயோட்டின் மிகுந்தால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தவறாக வரக்கூடும் என்று அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் அவற்றில் ஒன்று.

வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டுவந்தால், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

அன்புடன்,
ஆசிரியர்