அரக்குத் தட்டைக் கழுவுமுன்

பழைய சாமான் கடையில் கனமான கறுப்புத் தட்டு ஒன்று அகப்பட்டால், பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரர் கை அதைப் பீங்கானாகத்தான் எடைபோடும். தொட்டால் குளிர்ச்சி, தவறவிட்டால் சில்லுசில்லாகும். ஆனால் பீங்கானைத் தேய்ப்பதுபோல் அதைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் பாட்டு போய்விடும். அது என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால், எப்படிக் கையாள வேண்டும் என்பதும் தானாக விளங்கும்.

சூளைக்குப் போய் வந்த மண் மறுபடி களிமண் ஆகாது. பீங்கான் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 78 ஆர்.பி.எம். கிராமபோன் தட்டு இதற்கு நேர்மாறு. அதில் பெரும்பகுதி கல்பொடி. கறுப்புக்குப் புகைக்கரி. எல்லாவற்றையும் பிணைத்துப் பிடித்திருப்பது புரசு, இலந்தை போன்ற மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். சூட்டில் இளகிய இந்தக் கலவையை அச்சில் வைத்து அழுத்திக் குளிரவைத்தார்கள். ஒருமுறை இளகியது மறுமுறையும் இளகும். சித்திரை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்த தட்டு வளைந்துவிடும்.

அடுத்த எதிரி ஸ்பிரிட். தச்சர் நாற்காலிக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த இதே அரக்குதான். பின்னால் வந்த எல்.பி. தட்டோ வினைலால் ஆனது. அதைத் துடைக்க விற்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தையோ, கைக்குப் போடும் சானிடைசரையோ அரக்குத் தட்டில் ஊற்றினால், அழுக்கோடு சேர்த்துப் பாட்டு பதிந்த வரிகளும் கரையத் தொடங்கும். தட்டு பளபளப்பாக இருக்கும், ஓசை இருக்காது.

சரியான வழி எளிது. முதலில் உலர்ந்த மென்மையான தூரிகையால் வரி ஓடும் திசையிலேயே தூசியைத் தட்ட வேண்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம் கலந்து, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்தெடுத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஊறவைக்கக் கூடாது. போர் தண்ணீரும் வேண்டாம்; அதன் உப்பு வரிகளில் படியும். காய்ந்ததும் காகித உறையில் போட்டு, புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும்.

ஒலிக்கச் செய்வதிலும் ஒரு தெளிவு தேவை. 78 தட்டின் வரி, எல்.பி. வரியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசி அதன் அடியில் புரண்டு இரைச்சலையே அதிகம் எடுக்கும். அகன்ற 78 ஊசியே பொருந்தும். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவையும் அல்ல. வேகம் 6 சதவீதம் கூடினால், நாலு கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். பாடகரைக் குறை சொல்வதற்கு முன் வேகத்தைச் சரிபார்ப்பதுதான் நியாயம்.

இவ்வளவு சிரமம் எதற்கு? இந்தத் தட்டுகளில் பதிந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க், பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அங்குள்ளவர்கள் யார் குரல் என்று அடையாளம் காண்பதற்காகப் பாடகி பாட்டின் முடிவில் தன் பெயரைச் சொன்னார். சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல், அவருடைய பத்தாவது வயதில் வந்தது. மேடை நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட தொகுப்புகளாக விற்றன. புகழ்பெற்ற பாட்டுகள் பின்னால் எல்.பி.யிலும் கேசட்டிலும் மறுபடி வந்துவிட்டன. அப்படி வராத நாடக வசனம், நகைச்சுவை, தேசபக்திப் பாட்டு ஆகியவற்றுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி பல நேரம் அந்த ஒற்றைத் தட்டுதான். ஆகவே பழையது என்பதால் மட்டும் ஒரு தட்டுக்கு மதிப்பு வருவதில்லை. வேறெங்கும் கிடைக்காதது என்பதால் வருகிறது.

தட்டின் ஒலியைக் கணினியில் ஏற்றிய பிறகு அதைச் சுத்தம் செய்யும் ஆசையையும் அடக்க வேண்டும். கரகரப்பை முழுவதும் நீக்கினால் மிருதங்கத்தின் சாப்பும் வயலினின் கூர்மையும் சேர்ந்தே போகும். திருத்தாத முதல் பிரதி ஒன்றை எப்போதும் தனியே வைத்திருக்க வேண்டும். உடைந்த தட்டையும் எறியாதீர்கள். ஊசி படாமல் கேமராவால் வரியைப் படித்து ஒலியாக்கும் ஐரீன் என்ற முறையை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. சில்லுகளையும் அதனால் படிக்க முடியும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தட்டு இருந்தால், துடைப்பதற்கு முன் லேபிளையும் அதன் அருகே பொறித்த எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். வெயிலிலிருந்து எடுத்து நிழலில் நிறுத்துங்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.